மூன்றாம் இரவு

தார்த்து நகரம், அன்னெலின் குடியிருப்பு, நான்காம் மாடி.
பிற்பகல் மூன்றரைக்கே கடையைக் கட்டிவிட்டது வெயில்.
சமையல் மேசைமேல் ரொட்டிப்பெட்டி அளவில்
என் மில்லிங் இயந்திரம்.

என் பெயர் லேலோ.
அம்மாவின் ஊர்ப்பக்கம் அதற்குப் பாட்டு என்று பொருள்.
பெயர் வைத்த நாளில் யாருக்கும் தெரியாது
எனக்குக் காது கேட்காதென்று.

முதல் இரவு
செம்புத் தகட்டை இரட்டை ஒட்டுநாடாவில் அழுத்தி ஒட்டினேன்.
தட்டையாய்த்தான் தெரிந்தது.
இடது மூலையில் முனை செம்பைத் தொடவே இல்லை,
வலது மூலையில் கண்ணாடிநார் வரை உழுதுவிட்டது.

இரண்டாம் இரவு
முனையில் ஒரு கம்பி, தகட்டில் ஒரு கவ்வி.
எண்பத்தோரு இடங்களில் தொட்டுத் தொட்டுப் பார்க்கவிட்டேன்.
மேடும் பள்ளமும் எண்களாய் வந்தன.
அப்புறம் மூலைக்கு மூலை ஒரே ஆழம்,
மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று.
அழகாய் வந்தது,
கண்ணாடியில் பார்க்கும் முகம்போல
இடம் வலமாகி.
படத்தைத் திருப்பிப்போட மறந்திருக்கிறேன்.
சிப்பின் எட்டுக் கால்களும் அடுத்த வீட்டு வாசலில்.

மூன்றாம் இரவு திருப்பிப் போட்டேன்.

இதில் பாதை போடுகிற வேலை கிடையாது.
செம்பு ஏற்கெனவே எங்கும் இருக்கிறது.
ஓரங்களில் மயிரிழை அகழி வெட்டிக்கொண்டே போனால்
நடுவில் விட்டுவைத்தது பாதையாகிவிடும்.
அது வெட்டும்போது உள்ளங்கையை மேசையில் வைத்திருப்பேன்.
நேர்க்கோட்டில் ஒரு தினவு.
வளைவில் கொஞ்சம் தயக்கம்.
முனை மழுங்கினால் முழங்கைக்குத் தெரிந்துவிடும்.
துளையூசி ஒடிந்தபோதும்
முதலில் திடுக்கிட்டது கைதான்,
கண் பிறகு.

முகமூடி போட்டுத் தூசியை உறிஞ்சி எடுத்தேன்.
இரண்டு பாதைகளுக்கு நடுவே ஒரு செம்புப் பிசிறு,
சவர பிளேடால் சுரண்டினேன்.
இணைப்பு சரியாக இருந்தால்
மல்டிமீட்டர் கீச்சிடுமாம்.
நான் எண்ணைத்தான் பார்ப்பேன்.
பூஜ்யம்.
அது போதும்.

ஈயம் உருக்கிக் கால்களைப் பற்றவைத்தேன்.
பொத்தான் போன்ற பீசோ வட்டு ஒன்றைக்
கதவின் உட்புறம் ஒட்டினேன்.
யாராவது தட்டினால் அறைக்குள் விளக்கு வெட்டும்,
அவ்வளவுதான் மொத்தத் திட்டம்.
நானே தட்டிப் பார்க்கலாமென்று கையை ஓங்கினேன்.
தொடுமுன்பே விளக்கு எரிந்தது.

எங்கோ பற்றவைப்பு சரியில்லை என்று நினைத்தேன்.
மறுபடி எரிந்தது.
மறுபடி, கோபமாக.

திறந்தால் கீழ்வீட்டு எண்டெல்,
இரவு அங்கியும் கம்பளிக் காலுறையுமாய்.
உதட்டில் படித்தேன்:
மூன்று ராத்திரி. மூன்று ராத்திரியாய்த் தட்டுகிறேன்.

காதைத் தொட்டுக் கையை விரித்தேன்.
அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.
மேசை, இயந்திரம், கெட்டுப்போன இரண்டு பலகைகள்,
கதவில் தொங்கும் மூன்றாவது.
ஒரு விரல் மடக்கித் திறந்த கதவைத் தட்டினார்.
விளக்கு.
இன்னும் மெதுவாகத் தட்டினார்.
அதே விளக்கு.
மரியாதைக்கும் கோபத்துக்கும்
இன்னும் வித்தியாசம் தெரியாது அதற்கு.
அடுத்த பலகையில் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை வாசலில்
பழைய லாடா காரின் ரப்பர் கால்மிதி, சுருட்டி, கயிறு கட்டி.
இயந்திரத்தின் அடியில் விரித்தேன்.
அவருக்குத் தூக்கம்.
எனக்கு மேசை ஊமையாகிவிட்டது.

இப்போதெல்லாம் கையை
நேராக அதன் தோள்மேலேயே வைக்கிறேன்.