பதினாலாம் இலக்கத் தட்டு

பதினொரு வருசமாக இவற்றைக் கழுவுகிறேன்.
கத்திப்பிடி, கிடுக்கி, கொளுக்கி,
நுனியில் விளக்குப் பூட்டிய நீண்ட ஒதுக்கி.
அதற்கு எங்கள் அறையில் கொக்கு என்று பேர்.
பல்லிடுக்கில் இரத்தம் காய்ந்திருந்தால்
பிரஷால் உரஞ்சி
பச்சைத் துணியில் இரண்டு தரம் சுற்றி
நாடா ஒட்டி நீராவிக்குள் தள்ளுவேன்.
நாடாவில் கறுப்புக் கோடு விழுந்தால் சுத்தம்.
விழாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.
எந்த உடம்புக்குப் போகுது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

கார்த்திகையில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
வலப்பக்கம்.
அண்ணாந்து கிடக்கையில் பொதி பிரிக்கும் சத்தம்.
தலையைத் திருப்பினேன்.
நாடாவில் என் கையெழுத்து: யோ.வ., செவ்வாய்.
மயக்க டொக்டர் பத்திலிருந்து பின்னுக்கு எண்ணச் சொன்னார்.
நான் தட்டை எண்ணினேன்.
கொளுக்கி நாலு, கொக்கு ஒன்று,
கிடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று
ஐந்தாவதில் விட்டுப்போயிற்று.

எடுத்தார்கள். எடுத்த இடத்தில்
தசைக்குக் கீழே காற்றுப்போன பந்துபோல் ஒரு பை.
விலாவில் துளை, துளையில் குழாய்,
குழாயின் முனையில் போத்தல்.
றிபாயா மிஸி விடியவும் பொழுதுபடவும் அளந்தா.
எழுபது. ஐம்பத்தைந்து. அறுபது.
"முப்பதுக்குக் கீழ வரட்டும், கழட்டுவம்."
வெளியே அடைமழை.
பக்கத்துக் கட்டில் கிரான்குளத்துக்காரி
போனைக் காதில் வைத்தபடி வாட்டுக்கே சொன்னாள்:
"முகத்துவாரம் வெட்டிட்டாங்களாம்கா!
மறுகா வயல் தப்பிரும்."
நான் போத்தலைப் பார்த்தேன்.
நாற்பத்தைந்து.

வீட்டில் கை தோளுக்கு மேலே ஏறவில்லை.
மகன் கிசோபன் தலை இழுத்தான்.
பதினாலு வயசு, வகிடு கோணல்,
முடிச்சில் சீப்பு மாட்டினால்
அவன்தான் "ஆ" என்பான்.
இவர் கல்லாற்று பஸ்ஸில் ஓட்டம் முடித்து வந்து
போத்தலுக்கு ஒரு பை தைத்தார்,
பழைய காற்சட்டைப் பொக்கற்றில்.
பிறகு வெகுநேரம் முற்றத்தில் நின்றார்.

பதினைந்து நாளுக்கு ஒருக்கால் கிளினிக்.
நூலில் தொங்கும் சின்னக் காந்தம்
தோலுக்கு மேலே அலைந்து அலைந்து
ஓரிடத்தில் சாய்ந்து நிற்கும்.
அங்கேதான் ஊசி. அறுபது மில்லி உப்புத்தண்ணீர்.
அன்றிரவு நெஞ்சுக்குள் யாரோ
பெட்டி அடுக்குவதுபோல் இறுக்கும்.
ஒருநாள் ஆளில்லா வீட்டில்
பிரிட்ஜில் இருந்த காந்தத்தைக் கழற்றி
சட்டைக்கு மேலே வைத்துப் பார்த்தேன்.
ஒரு கணம் நின்று விழுந்தது.
சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

வைகாசியில் இரண்டாம் தரம்.
முதல்நாள் சேர்ஜன் மூன்று மாதிரிகளை மேசையில் வைத்தார்,
குளிர்ந்த நொங்கு போல.
உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன்.
எது என்னுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?
"இதுதான் அம்மா சரி" என்றார்,
தன் சிங்களத் தமிழில், மெதுவாக.

சரிதான். பொருந்தித்தான் இருக்கிறது.
பிளவுசுக்குத் தெரியாது வித்தியாசம்.
குளிக்கையில்தான்,
இடப்பக்கம் தண்ணீர் குளிரும்.
வலப்பக்கம் விழுவது
சத்தத்தில் மட்டும் தெரியும்.

ஆடியில் வேலைக்குத் திரும்பினேன்.
பாரம் தூக்கக்கூடாது. இருந்த இடத்தில் பொதி கட்டலாம்.
மூன்றாம் நாள் பதினாலாம் தட்டு வந்தது.
கொக்கைக் கையில் எடுத்தேன்.
நான் காணாத என் உள்ளை
விளக்குப் பிடித்துப் பார்த்தது இது.
ஒரு சொல்லும் இல்லை அதனிடம்.
கழுவினேன், சுற்றினேன், நாடா ஒட்டினேன்.

"ஆருக்கு இது?" என்றேன்.
மேற்பார்வைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
இந்த அறையில் யாரும் கேட்பதில்லை.
"நாளைக்குக் காலம. வாழைச்சேனைப் புள்ள ஒண்டு.
இருவத்தொம்பது வயசாம்."

நாடாவைக் கிழித்தேன்.
துணியைப் பிரித்தேன்.
பிரஷை எடுத்து
எல்லாவற்றையும் இன்னொருக்கால்.