மலையைக் குற்றம் சொன்னோம்

லா பாஸில் எதற்கும் ஒரே பதில்தான்:
உயரம்.
உருளைக்கிழங்கு வேகவில்லையா, உயரம்.
தலை விண்விண் என்கிறதா, உயரம்.
சமவெளியிலிருந்து வந்த மாப்பிள்ளை
கல்யாணத்தில் ஆடாமல் உட்கார்ந்துவிட்டானா,
பாவம், உயரம்.

அதனால் எங்கள் இப்சும்
எல் ஆல்ட்டோ ஏற்றத்தில் திணறியபோது
யாரும் பானட்டைத் திறக்கவில்லை.

ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதிப்பேன்.
சத்தம் வரும். வேகம் வராது.
நாற்பதோடு முள் நின்றுகொள்ளும்,
கடன்காரனைக் கண்டவன் மாதிரி.
பின்னால் மூன்று பிள்ளைகள், ஒரு மூட்டை குயினோவா.
சிமெண்ட் லாரி ஒன்று எங்களை முந்தியது.
அதன் டிரைவர் எட்டிப் பார்த்தான்,
பின்னாலிருந்து யாராவது தள்ளுகிறார்களா என்று.
பெரியவன் யெசித் சீட்டுக்கடியில் பதுங்கினான்:
அடுத்த மினிபஸ்ஸில் அவன் வகுப்புப் பெண்.

"இங்கே காற்று மெலிசு, நில்டா"
என்றபடியே என் கணவர் செவெரோ
ஏர் ஃபில்டரை மாற்றினார்.
பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்.
நாலு பிளக்கும் மாற்றினார்.
மூன்றாவது பிளக் ஈரமாக வந்தது.
பேன்ட்டில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
பார்த்தேன். கேட்கவில்லை.

சென்காத்தாவில் ரொஹேலியா திகோனாவின் பட்டறை.
"உயரம்..." என்று ஆரம்பித்தேன்.
"போன வருஷமும் இதே உயரம்தானே?
நடுவில் மலை வளர்ந்துவிட்டதா?"

பிறகு அவள் பேசவில்லை.
இன்ஜின் உறிஞ்சும் குழாயில்
வட்டமான ஒரு மானியைச் செருகினாள்.
"முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காதே,
இந்த ஊரில் அது தாழ்ந்துதான் நிற்கும்.
நான் ரேஸ் கொடுத்துப் பிடிக்கிறேன்,
விழுகிறதா என்று மட்டும் பார்."

விழுந்தது.
தூக்கம் வந்த குழந்தையின் தலைபோல
மெல்ல, மெல்ல.

சைலன்சர் வாயில் என் கையை வைக்கச் சொன்னாள்.
இவ்வளவு பெரிய வண்டி,
டீயை ஆற்றுகிற அளவுக்குத்தான் காற்று.

"உள்ளே வருகிற காற்றையே பார்த்திருக்கிறீர்கள்," என்றாள்.
"இதற்கு வெளியே விடத்தான் முடியவில்லை."

அடியில் படுத்து
ஒரே ஒரு சென்சாரைக் கழற்றினாள்.
அந்தச் சின்ன ஓட்டை வழியே
வண்டி கத்திய கத்தலில்
எதிர்க்கடை நாய் பாலம்வரை ஓடியது.
ஆனால் மிதித்தால் சீறியது! பழைய சீற்றம்!

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை இறக்கிக் குலுக்கினாள்.
கிலுகிலுப்பை.
உள்ளிருந்த தேன்கூடு
உருகி, உடைந்து, வழியை அடைத்துக் கிடந்தது.
"எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரிந்திருக்கிறது.
மூன்றாவது காயில் செத்து எத்தனை மாசம்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.
செவெரோ தன் ஷூவைப் பார்த்தார்.

குடைந்து வெறும் குழாயாக்கித் தரட்டுமா,
பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றாள்.
பின் சீட்டில் சின்னவள் தூங்குவாள், புகை வேண்டாம் என்றேன்.
வியாழக்கிழமைச் சந்தையில்
பழைய இரும்பு மலைகளுக்கு நடுவே
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பிடித்து
மறுபக்கம் தெரிகிற ஒன்றை வாங்கினோம்.
காயில் மட்டும் புதுசு.
"முதலில் அது. இல்லாவிட்டால் இதையும் உருக்கிவிடும்."
மீதிப் பணம் இரண்டு தவணை.

திரும்பும்போது கீழே இறங்கி,
வேண்டுமென்றே மறுபடி ஏறினேன்.
அறுபது. எழுபது.
முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, அதேதானோ, தெரியாது.
இண்டிகேட்டர் போட்டேன்.
யெசித் ஜன்னலை முழுசாக இறக்கினான்.

லாரியின் பாதிநீளம் தாண்டும்போது
செவெரோ கரகரத்தார்:
மொரெனாடா ஆட்டத்துக்கு இந்த வருஷம் தைத்த உடை,
சலங்கை, முகமூடி, பூட்ஸ்,
குழுவுக்குக் கட்டிய பணம்,
நான் காயிலுக்கென்று டப்பாவில் வைத்திருந்தது,
மொத்தம் எவ்வளவு என்று
கடைசிக் காசுவரை சொன்னார்.

மிதித்த காலை
நான் எடுக்கவில்லை.