ஒரு நூல்

ஆடி மாதம் நகரியில் கல்யாண மண்டபம்
மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குக் கிடைக்கும்.
பக்தவச்சல நாயுடு சொன்னார்:
ஆணி அடிக்கக் கூடாது,
மணமேடை நாற்காலி இரண்டையும் நகர்த்தக் கூடாது,
மற்றபடி உங்க இஷ்டம் தேசம்மா.

பதினேழு பலகைகள்.
பள்ளிப்பட்டிலிருந்து குட்டியானையில் வந்தன,
பழைய போர்வை சுற்றி,
காய்ச்சல்காரர்களைக் கூட்டிவருவது போல.
வழியில் நிறுத்திய போலீஸ்காரர்
ஒரு போர்வையை விலக்கிப் பார்த்தார்.
படமா, பலகையா?
படம் என்றால் ஏன் மேடு பள்ளம்?
பலகை என்றால் எதற்கு உதவும்?
நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர்
'கல்யாண மண்டபத்துக்கு சார்' என்றான்.
விட்டுவிட்டார்.

நான் செய்வது இவ்வளவுதான்.
ஒட்டுப்பலகையை முக்கோணமாக, செவ்வகமாக அறுத்து
ஒன்றை அரை அங்குலம் முன்னால்,
ஒன்றைக் கால் அங்குலம் பின்னால் ஒட்டுகிறேன்.
வெள்ளை அடிக்கிறேன். சில இடத்தில் சாம்பல்.
யாரும் பார்க்காத பின்முதுகில் மட்டும்
சாயப்பட்டறை ஆரஞ்சு.
சுவரில் அது கசியும்,
பக்கத்து வீட்டில் விளக்கு எரிவது போல.
பகலில் சர்வேயரிடம் வரைபடம் நகலெடுக்கிற வேலை.
அங்கே கோடு என்றால் வாய்தா.

முதல் நாள் வந்தவர்கள் எல்லாரும்
மூக்கைத்தான் பார்த்தார்கள்.
இந்த ஊர் மலைக்கு மூக்கு உண்டு,
வானத்தைப் பார்த்து மல்லாந்த மூக்கு.
'இது நம்ம மூக்கு.'
'இது மேகம் மூடின மூக்கு.'
'இது புத்தூர்ல இருந்து பார்த்தா.'
பதினோராம் எண் வெறும் சதுரம், என்றேன்,
அதில் மூக்கே கிடையாது.
'ஜலதோஷம்' என்றாள்
ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும்
நாயுடுவுக்கு என்மேல் பாவமாக இருந்திருக்க வேண்டும்.
சொல்லாமல் கொள்ளாமல் சீரியல் செட்டைப் போட்டுவிட்டார்.
சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.
ஆறு மாதம் அளந்து அளந்து நான் நிறுத்திய நிழல்கள்
இடப்பக்கம் ஓடின, வலப்பக்கம் ஓடின,
தறியில் நாடா ஓடுவது போல.
அணையுங்கள் என்று கத்தத்தான் போனேன்.
அதற்குள் நாலாம் எண்ணுக்கு முன்னால்
ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில்
சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன.
பார்த்துக்கொண்டு நின்றேன், நானும்.

மறுநாள் காலை
ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்தார் முனிரத்தினம்,
தறி மெக்கானிக். புருவத்தில் பஞ்சு.
ஏழாம் எண்ணின் எதிரே நிற்கவேயில்லை.
பக்கவாட்டில் போய், கன்னத்தைச் சுவரோடு வைத்து
ஒரு கண்ணை மூடி
பாவு பார்ப்பது போலப் பார்த்தார்.
'எல்லாம் சரியா கீது.
இந்த மூல மட்டும் ஒரு நூல் தூக்கிக்கினு கீது.'

நூலுக்கே பிழைக்கிற ஊரில்
அவர் சொன்னது தச்சர் கணக்கு நூல்,
அங்குலத்துக்கு எட்டு.

மாசியில் ஒரு ராத்திரி
கிளாம்ப் நழுவியது. பார்ப்பதற்குள்
கோந்து இறுகிவிட்டது.
சென்னையில் ஒருவர் இதே மூலையை
மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்து
'இந்தப் பதற்றத்தை வேண்டுமென்றேதானே வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டார்.
ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்லி
காபியும் வாங்கிக் குடித்தேன்.

முனிரத்தினத்திடம் சொன்னேன்:
கிளாம்ப் நழுவிடுச்சு.
தலையாட்டினார்.
'உப்புத்தாள் இருந்தா நானே இறக்கிடறேன்.'
வேண்டாங்க.
'அப்ப அந்த ஜன்னல சாத்திடு. காட்டிக் குடுத்துடும்.'

அவர் போன பிறகு
ஜன்னல் வரைக்கும் போனேன்,
கொக்கியைத் தொட்டேன்.

நாலு மணிக்கு வெயில் படுத்துக்கொண்டு வந்தது.
அந்த ஒரு நூல் மேட்டிலிருந்து
நிழல் கிளம்பி
பலகையின் மறு ஓரம்வரை போய்
சுவரில் இறங்கி
இன்னும் போய்க்கொண்டிருந்தது.