பத்தில் ஆறு பேர்

பேருந்தில் முன்சீட்டுக்காரரின்
பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தால்
கெடிலம் பாலம் தாண்டுமுன்
திரும்பிவிடுவார்.
பத்தில் ஆறு பேர்.
கணக்கு வைத்திருக்கிறேன்,
ஐஸ் கம்பெனி ரசீதுகளின் பின்பக்கம்.

"மிச்ச நாலு பேருக்குக் கழுத்து சுளுக்கா?"
என்பாள் வேதவல்லி.

அந்தக் கார்த்திகையில்
துறைமுகத்தில் எட்டாம் எண் கூண்டு ஏறிற்று.
சோனங்குப்பத்தில் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டினார்கள்.
டிவியில் அம்புக்குறி
நேரே எங்கள் தெருவுக்கு வந்தது.
அவள் மெழுகுவர்த்தி தேடினாள்.
நான் மாடிப்படியில் உட்கார்ந்து
இருட்டில் கடல் இருக்கும் பக்கமே பார்த்தேன்.
திரும்பு.
திரும்பு.
கரண்டு போனபிறகும் அதே சொல்.

மூன்றரை மணிக்குத் திரும்பியது,
வடக்கே.

விடிந்ததும் கூண்டை இறக்கினார்கள்.
லீவு விட்டது விட்டதுதான் என்று
பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடின.
வேதவல்லி ஒன்றும் சொல்லவில்லை;
காப்பியில் மட்டும்
சர்க்கரை ஒரு கரண்டி கூட இருந்தது.

மதியச் செய்தியில்
வாயில் நுழையாத பேரோடு ஓர் ஆந்திரக் கிராமம்.
முறிந்த முருங்கை, சேற்றில் ஒரு தையல் மெஷின்.
பறந்து வந்த தகரத்தை அணைத்துப் பிடித்தபடி
என் வயதில் ஒருத்தன்
கேமராவுக்கு முதுகு காட்டி நின்றான்.
அவனும் விழித்துத்தான் இருந்திருப்பான்,
தெலுங்கில் அதே ஒரு சொல்லோடு.

பிடரி நன்றாகத் தெரிந்தது.
திரும்பிவிடப்போகிறான் என்று
டம்ளருக்குள் பார்வையை இறக்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஜன்னலோர சீட்டுதான்.
கெடிலத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று
பார்த்துக்கொண்டே போய்விடுகிறேன்.