அப்பாவின் இடது காலணி

அல்மாத்தியிலிருந்து அக்தாவ்வுக்கு
ரயிலில் இரண்டு இரவு.
விமானத்தில் போகலாம் என்றேன்.
"வழியைப் பார்க்காமல் கடலைப் பார்த்து என்ன பயன்" என்று
டிக்கெட் வாங்கிய பிறகுதான் அப்பா சொன்னார்.

அம்மாவுக்கு ஐம்பத்தாறு. கடல் பார்த்ததில்லை.
எனக்கு இருபத்தேழு. விடுப்புக் கடிதத்தில்
"அவசரமென்றால் கூப்பிடலாம்" என்று
யாரும் கேட்காமலே எழுதிக் கொடுத்தவள்.

மேல் படுக்கை. கூரை மூக்கில் இடிக்கிறது.
மார்பின் மேல் என் நீலக் குறிப்பேடு:
காலை ஐந்துக்கு எழுவது.
இருபது தண்டால்.
சர்க்கரையை விடுவது.
இத்தாலிய மொழி, தினம் பத்துச் சொல்.
அப்பாவிடம் எரிந்து விழாமல் இருப்பது.
கடைசி வரி பிப்ரவரியில் சேர்த்தது,
அதன் கட்டங்கள் பாதிக்கு மேல் காலி.

இத்தாலிய மொழி மட்டும்
இருநூற்றுப் பதினான்கு நாளாய் விடாமல்.
எதற்கு என்று தம்பி ஒருமுறை கேட்டான்.
இத்தாலியில் எனக்கு யாருமில்லை.
இருநூற்றுப் பதினான்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், ஸ்டெப்பி.
ஜன்னலில் ஒன்றுமில்லை.
அரைமணி கழித்து அதே ஒன்றுமில்லை,
நடுவில் ஓர் ஒட்டகம்.

ஷல்காரில் போனுக்கு உயிர் வந்தது.
வாதிமின் செய்தி: "சின்னத் திருத்தம்தான், தொக்ஜான்."
சின்னத் திருத்தம் என்றால்
பதினேழு சரக்குப் பெட்டிகள், மூன்று துறைமுகங்கள், ஒரு சுங்கப் படிவம்.
வண்டி நிற்பது பன்னிரண்டு நிமிடம்.
கழிப்பறைக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் நடுவே
குந்தி உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் நிறுத்தித் தட்டினேன்.
தேநீருக்கு வந்தவர்கள்
என் தலைக்கு மேலாகவே கோப்பையை நீட்டிப் பிடித்தார்கள்;
ஒரு சொட்டு கழுத்தில்.
தொண்ணூற்று மூன்று சதவீதம் ஏறியது.
தொண்ணூற்று மூன்று.
நடைமேடையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள்
மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தாள்.

திரும்பி வந்தால் கீழே சீட்டாட்டம்.
காலியாகக் கிடந்த என் மார்ச் கட்டங்களில்
யெர்னார் கணக்கு எழுதியிருக்கிறான்:
அப்பா தோற்றது பதினொன்று.
அம்மா ஏமாற்றியது நான்கு, பிடிபட்டவை மட்டும்.
வாயில் வந்துவிட்டது ஒரு சொல்.
வண்டி பாலத்தில் ஏறிய இரைச்சலில்
யாருக்கும் கேட்கவில்லை. அல்லது கேட்டும்,
அப்பா எனக்குச் சேர்த்துச் சீட்டைப் போட்டார்.

நள்ளிரவு எப்போது தாண்டியது?
எந்தக் கிலோமீட்டரில் பூஜ்யமானது என் இருநூற்றுப் பதினான்கு?
கையில் மூன்று ராணிகள் இருந்தன அப்போது.
தும்முவதுபோல் குனிந்து அம்மா
என் சீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெய்நெவில் நாற்பத்தொரு செய்திகள்.
திருத்தத்தை வேறு யாரோ முடித்திருந்தார்கள்.
ஓர் எண் தவறு. யாரும் கவனிக்கவில்லை.
கம்பளிக்குள் தலையை விட்டு அதைச் சரிசெய்தேன்.
வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

கடல்.
அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"நம்ம ஸ்டெப்பிதான், ஆடுகிறது" என்றாள்.
ஏமாந்த குரலா, இல்லையா, பிடிபடவில்லை.
பிறகு காலுறையைக் கழற்றாமலே இறங்கிவிட்டாள்.
அவள் பின்னே அப்பா, அப்பாவின் பின்னே யெர்னார்.
"ஐஸ்! வராதே!" என்று மூன்று வாயும் கத்த
ஆறு கைகளும் வா வா என்றன.

என்னுடையதையும் சேர்த்து மணலில் எட்டுக் காலணிகள்.
போனை எங்கே வைப்பது என்று பார்த்து
அப்பாவின் இடது காலணிக்குள் திணித்தேன்.

முழங்கால்வரை போனபின் ஒரு தடவை திரும்பினேன்.
காலணி அதிர்ந்துகொண்டிருந்தது.
நண்டு மாதிரி ஓர் அங்குலம் நகர்ந்தது,
தண்ணீரின் பக்கமா, சாலையின் பக்கமா
அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.