பன்னிரண்டாம் துளைக்கு ஒரு கம்பி

கையேட்டின் பதினோராம் பக்கத்தை
மறுபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டான்யூபில் பனிக்கட்டி மிதந்த வாரம்,
ரூஸே டிராலிபஸ் பணிமனையில் ஷிப்ட் முடித்து வந்து
மேசையில் ரொட்டித் துணுக்கை ஒதுக்கிவிட்டு
நான் வரைந்த பலகை அது.
பச்சை வேண்டாம், கறுப்பு என்றேன்.
நாற்பது வந்தன, மூலை மழுங்கி, மழைநீர் மினுக்கத்துடன்,
ஓரத்தில் வெள்ளையில் என் பெயர்: ஸோர்னித்சா.
பெயர் மட்டும் நேராக இருந்தது.

விளக்குகள் கப்ரோவோ பாந்தெலெயிடம் வாங்கியவை.
செத்த வோல்ட்மீட்டர்களைக் கூறுபோட்டு
முட்டை அட்டையில் அடுக்கித் தந்தார், அட்டைக்கு முப்பது.
ஒன்று உடைந்திருந்தது.
அதற்கும் காசு வாங்கினார்.

தீப்பெட்டிக்குள் அடங்கும் கண்ணாடி;
உள்ளே பத்துக் கம்பி எண்கள்,
பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி.
யாருக்கு மின்சாரமோ அவருக்கு மட்டும்
உடம்பெல்லாம் ஆரஞ்சு.
ஐந்து என்று தனியாக ஆளில்லை:
இரண்டையே தலைகீழாக நிறுத்தி
எந்தத் தொழிற்சாலையோ சிக்கனம் பார்த்திருக்கிறது.

முதல் பலகைக்கு நூற்றெழுபது வோல்ட் ஊட்டிய இரவு
கைக்கடிகாரத்தில் 19:28.
என் கடிகாரத்தில் 91:82.
காத்திருந்தேன். 19:29.
91:81.

"பின்னால் போகிறது," என்றான் மேல்மாடி க்ரூம்,
சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றாமல்.
"இடமிருந்தால் நானும் ஏறிக்கொள்கிறேன்."

சிரிப்பு வரவில்லை எனக்கு.
தகவல் தாளை விளக்கடியில் விரித்தேன்.
படம் அடியிலிருந்து பார்த்தது.
நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன்.
அதைச் சொல்லும் ஒரே சொல்
என் காபிக் கறைக்குள் மூழ்கிக் கிடந்தது.

நாற்பது பலகையிலும் இடம் வலமாகிவிட்டது.
ஒன்று கேட்டால் ஒன்பது வருகிறது,
எட்டைக் கூப்பிட்டால் இரண்டு,
ஆறுக்கு நான்கு.
ஐந்து மட்டும் பொய் சொல்லவில்லை,
அந்தத் தலைகீழ் ஐந்து.

விடிய ஒரு மணி இருக்கையில் புரிந்தது:
இது பிழை இல்லை, கழித்தல்.
நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்,
பத்திலிருந்து எண்ணைக் கழி.
எல்லோரும் ஒழுங்காக அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்,
பூஜ்யத்தைத் தவிர.

பூஜ்யத்தின் கால்
நான் யாருக்கும் ஒதுக்காத பன்னிரண்டாம் துளையில் இறங்கியிருந்தது.
எந்தக் கணக்குப் போட்டாலும் அங்கே மின்சாரம் போகாது.
பத்து மணிக்கு ஒரு ஒற்றை ஒன்று,
அதன் பக்கத்தில் மூன்று இருட்டு.

ஆகவே, அன்பர்களே, பதினோராம் பக்கம்:
பையில் நான்கு நீலக் கம்பிகள் இருக்கும்,
விரல் நக நீளம். இரண்டாம் துளையிலிருந்து பன்னிரண்டுக்கு,
விளக்குக்கு ஒன்று வீதம்.
நூற்றறுபதையும் நானே வெட்டி முனை உரித்தேன்;
சில கோணலாக இருக்கும்.
ஈயம் உருகி ஓடும்வரை பொறுங்கள், ஊதாதீர்கள்.

ஆர்ஹுஸிலிருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள்,
ஸிக்னே, இரவுப்பணித் தாதி:
கம்பி வைத்தே ஆக வேண்டுமா?
வைக்காவிட்டால் நள்ளிரவில்
நான்குமே அணைந்து ஒரு நிமிடம்
மணியே இருக்காதாமே, மெய்யா?

மெய்தான், ஸிக்னே. கட்டாயம் இல்லை.
அடுத்த பதிப்பில் கால்களைத் திருப்பிவிட்டேன்,
அதில் இந்த வசதி கிடைக்காது.
ஒன்று மட்டும் கவனம்.
வெளிச்சம் போய்விட்டதே என்று
அந்த நிமிடத்தில் விரலை வைத்துவிடாதே.
நூற்றெழுபது வோல்ட் அங்கேயேதான் நிற்கும்,
கண்ணை மூடாமல்.