வெந்நீர்

அருவங்காட்டில் டிசம்பர் இருபத்தைந்து.
ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது,
சண்டை மதியத்தோடு முடிந்துவிடுகிறது.
பிரியாணி அடிப்பிடித்தது
அம்மா அழுதுகொண்டே கிளறியதால் என்கிறாள் அக்கா.
ரூபிலா அண்ணி தணலை மூடிமேல் போடாமல்
அத்தனையும் அடியிலேயே தள்ளியதால் என்கிறாள் அம்மா.
ஆக, பிரியாணிக்கும் இந்த வீட்டில் இரண்டு கட்சி.

காலை ஆராதனையில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம்.
அப்பாவுக்கும் டைட்டஸ் சித்தப்பாவுக்கும் நடுவே
பாட்டுப் புத்தகம் என் மடி வழியாகப் போய் வந்தது,
சோதனைச் சாவடி தாண்டும் சரக்கைப் போல.
"சமாதானம்" என்று ஆயர் சொன்னபோது
கை குலுக்கினார்கள்,
விரல் நுனி மட்டும்.
கேத்தியில் முக்கால் ஏக்கர் தேயிலை,
தாத்தாவின் உயில்,
அதில் தாத்தா போடாத ஒரு கையெழுத்து:
ஒன்பது வருடமாக எங்கள் குடிலில்
மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே
அதுவும் படுத்திருக்கிறது.

இரவு, நான் பென் டிரைவைச் செருகுகிறேன்.
எங்கேயோ பனி கொட்டும் ஓர் ஊர்.
பண்டிகைக்கு முந்தைய இரவு
சோபாவில் உட்கார்ந்தபடியே மாமியார் செத்துப்போகிறாள்.
வங்கி திறக்கும்வரை செய்தி வெளியே போகக் கூடாது.
தலையில் காகிதக் கிரீடம் வைத்து
கையில் ஒயின் கிளாஸைச் சொருகி
விருந்தாளிகளை வரவேற்கிறார்கள்.
பாதிரியார் அவளிடம் மழை பற்றிப் பேசுகிறார்.
உயிரோடு இருந்ததைவிட நன்றாகக் கேட்கிறாள்.

"நல்ல நாளும் அதுவுமா இந்தக் கருமமா?"
என்ற அப்பா கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.
பிறகு நாற்காலியின் கைப்பிடியில் ஒரு தொடை.
பிறகு முழு நாற்காலி.

எனக்கு இந்த மாதிரிப் படங்கள்தான் வேண்டும்.
கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்து
மரத்தடியில் பாடும் படத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தால்
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக்
கேட்டதுபோல் இருக்கும், தூக்கம் வராது.
இவர்களோ வான்கோழியைக் கருக்குகிறார்கள்.
பரிசுப் பொட்டலத்துக்குள் வக்கீல் நோட்டீஸ் வைக்கிறார்கள்.
பார்க்கப் பார்க்க என் தோள் இறங்குகிறது.
அப்பாடா, நம்மைவிட மோசம்.
அப்பாடா, நம்மைப் போலவே.
இரண்டில் எது என்று இன்றுவரை தெரியவில்லை.

கிரீடம் நழுவி மாமியாரின் மூக்கில் நின்ற இடத்தில்
சித்தப்பா சிரித்தார்.
மூச்சை உள்ளே இழுக்கும்,
துருப்பிடித்த கேட் திறப்பதுபோன்ற சிரிப்பு.
நாற்காலியிலும் அதே கேட் திறந்தது.
ஒரே பட்டறையில் அடித்தவை.
அம்மா இருவரையும் பார்த்தாள், பிறகு
அச்சு முறுக்குத் தட்டைப் பார்த்தாள்.

அப்போதுதான் கரண்ட் போனது.

வாசல் நட்சத்திரமும் சேர்ந்து அணைந்தது.
கம்பளிகளுக்குள் ஏழு பேர்,
முடிவு தெரியாத ஒரு பிணம்.
கிழவி எழுந்து உட்காருவாள் என்றான் எட்வின் அண்ணன்.
மருமகள்தான் விஷம் வைத்திருப்பாள் என்றாள் அக்கா;
எந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள் என்று
இருட்டில் எனக்குத் தெரியவில்லை,
அண்ணிக்குத் தெரிந்திருக்கும்.
"உயில் போலியா இருக்கும்"
என்றது அப்பாவின் குரல்.

கணப்பில் யூகலிப்டஸ் கட்டை ஒன்று வெடித்தது.

"போலியெல்லாம் இல்ல"
என்றது இன்னொரு குரல்,
"கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல்."

முதலில் சிரித்தது அம்மா.
முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை,
ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து.
பிறகு எல்லோரும்.
யாரும் யாரையும் மன்னிக்கவில்லை.
யார் முகமும் தெரியவில்லை,
அது வசதியாக இருந்தது.

விடிகாலை, புல்லெல்லாம் வெள்ளை.
சித்தப்பாவின் கார் கண்ணாடியில் உறைபனி அப்பியிருந்தது.
பத்து மணிக்குள் அவர் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும்.
அப்பா ஒரு வார்த்தை பேசாமல்
பாய்லரிலிருந்து ஒரு வாளி வெந்நீர் சுமந்து வந்து
மொத்தமாக ஊற்றினார்.
பனி போனது.
மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை
நிதானமாக, கையெழுத்துப் போடுவதுபோல,
ஒரு விரிசல் ஓடியது.

முப்பத்தோரு வருடம் வெடிமருந்து ஃபாக்டரியில்
எது எந்தச் சூட்டில் உடையும் என்று
கணக்கெழுதிய மனிதர்.
"அடடா" என்றார்.

சித்தப்பா விரிசலைப் பார்த்தார்.
அப்பாவைப் பார்த்தார்.
திரைச்சீலைக்குப் பின்னால் நான்
துருப்பிடித்த கேட்டைக்
கையால் பொத்திக்கொண்டேன்.